ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம்? எரிபொருள்களின் வாழ்நாள் உமிழ்வை விரிதாளில் கட்டிப் பார்த்த பதிவு

ஒரு பெட்ரோல் ஸ்கூட்டர், ஒரு மின் ஸ்கூட்டர், ஓர் எல்.பி.ஜி. ஆட்டோ ஆகிய மூன்றுக்கும், எண்ணெய்க் கிணற்றிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் தொடங்கிச் சக்கரம் சுழலும் வரையிலான உமிழ்வையும் ஆற்றல் செலவையும் ஒரே கோப்பில் கணக்கிடும் வேலை, பல மாத இழுபறிக்குப் பிறகு ஒருவழியாக முடிந்திருக்கிறது. எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே விடை வருகிறது. உள்ளே போன கார்பனும் வெளியே வந்த கார்பனும் நேராகின்றன. வண்டிகள் மூன்றும் பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் நிற்பவை. பெட்ரோல் ஸ்கூட்டர் என்னுடையது, மின் ஸ்கூட்டர் தங்கையுடையது, ஆட்டோ கீழ்வீட்டில் இருக்கும் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவருடையது. இந்தப் பதிவில் கிராம் என்று வருவதெல்லாம், மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாக மாற்றிச் சேர்த்த கிராமையே குறிக்கும்.

புதிதாக எதையும் கட்டும் எண்ணம் தொடக்கத்தில் இல்லை. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 1990களின் நடுவிலிருந்து வளர்த்துவரும் கிரீட் (GREET) என்ற கணக்கீட்டு மாதிரியே இத்துறையில் பலரும் முதலில் எடுக்கும் கருவி. இலவசமாகக் கிடைக்கிறது. அதன் எக்செல் வடிவத்தின் முதல் பகுதி எரிபொருளின் வழியையும், இரண்டாம் பகுதி வண்டியும் மின்கலமும் உருவாகும் வழியையும் கணக்கிடுகின்றன. ஆனால் அதில் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும் எண்கள் அமெரிக்க நிலைமைக்குரியவை. எத்தனால் என்றால் முதலில் மக்காச்சோளம். கரும்பும் உண்டு, அது பிரேசில் கரும்பு. மண்டியாவின் கால்வாய்ப் பாசனமோ வட கர்நாடகத்தின் போர்வெல் பாசனமோ அதற்குத் தெரியாது. எண்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கியதும், ஒரு கட்டத்தைத் தொட்டால் வேறு எந்தத் தாளில் எது அசைகிறது என்பதைப் பின்தொடர்வது பெரும்பாடாகிவிட்டது. ஆகவே அதன் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, எனக்குத் தேவையான சில தாள்களை லிப்ரெ ஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் விரிதாளில் நானே எழுதினேன்.

முதல் கட்டம் அளவெடுப்பது. பெட்ரோல் ஸ்கூட்டருக்கு டேங்கை நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பும் பழைய முறைதான். பங்கில் குழாய் தானாக நிற்கும் இடத்தை நம்பக்கூடாது. வண்டி பக்கத் தாங்கியில் சாய்ந்து நிற்பதற்கும் நடுத்தாங்கியில் நிமிர்ந்து நிற்பதற்கும் இடையே கண்ணால் காணும் அளவுக்கு மட்டம் மாறுகிறது. ஒரே பங்க், ஒரே பம்ப், நடுத்தாங்கி, டேங்க் வாயின் உள்விளிம்பு வரை என்று வைத்துக்கொண்ட பிறகுதான் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தன. சாலை ஓரளவு காலியாக இருக்கும் காலை நேரத்தில் லிட்டருக்கு 45 கிலோமீட்டரும், நெரிசலான சில்க் போர்டு சந்திப்பு வழியாக அலுவலக நேரத்தில் சென்று வந்தால் 38 கிலோமீட்டரும் கிடைத்தன. இந்த இரண்டு எண்களையும் சராசரியாக்காமல் தனித்தனியாகவே வைத்திருந்தது பின்னால் மிகவும் உதவியது.

பங்கில் பலர் கவனிக்காத ஒரு தகவல் இருக்கிறது. பம்பின் திரையில் எரிபொருளின் அடர்த்தியும் காட்டப்படும். சில இடங்களில் ரசீதிலும் அச்சாகும். எனக்குக் கிடைத்தது கனமீட்டருக்கு 748 கிலோ. நாம் போடுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20. எத்தனாலின் அடர்த்தி 0.79 என்று தெரியுமாதலால், மீதி 80 விழுக்காடான பெட்ரோலின் அடர்த்தி 0.74 என்று பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். அந்த அடர்த்தி 15 பாகை வெப்பநிலைக்குத் திருத்தப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெங்களூரின் மதிய வெப்பத்தில் அதே ஒரு லிட்டரின் எடை ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறைவாகவே இருக்கும். நான் அந்த ஒரு விழுக்காட்டை விட்டுவிட்டேன். என் டேங்க் நிரப்பும் முறையின் பிழையே அதைவிட அதிகம்.

மின் ஸ்கூட்டருக்கு வண்டித் திரை காட்டும் எண் போதும் என்று தங்கை சொன்னாள். திரையில் கிலோமீட்டருக்கு 26 வாட் மணி. சுவர்ப் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவில் ஏறத்தாழ 1,200 ரூபாய் விலையுள்ள ஒரு மின்னளவியைச் செருகிப் பார்த்தபோது 32 வாட் மணி வந்தது. சார்ஜரின் சூடும் மின்கலத்தின் உள் இழப்பும் திரையின் கணக்கில் சேர்வதில்லை. பெங்களூரு மின்விநியோக நிறுவனமான பெஸ்காம் கட்டணம் வாங்குவது சுவரில் எடுத்த மின்சாரத்துக்கு. புகை கிளம்புவதும் அதற்காகத்தான். இந்த முயற்சியில் நான் வாங்கிய ஒரே கருவி இந்த அளவிதான், அதன் விலைக்கு முழு மதிப்பும் கிடைத்தது. வாங்குபவர்கள் 16 ஆம்பியர் அளவுள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். 6 ஆம்பியர் வகையில் சார்ஜரின் பிளக்கே நுழையாது.

ஆட்டோவின் எண்களைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஓட்டுநர் தம் இருக்கைக்கு அடியில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். போட்ட எல்.பி.ஜி. எத்தனை லிட்டர், மீட்டர் எண் என்ன, எது சவாரி, எது வெறும் ஓட்டம் என்று ஆரஞ்சு மையில் எழுதிவருகிறார். லிட்டருக்கு 21 கிலோமீட்டர். நோட்டைக் கொடுத்தபோது அவர் கேட்டது இதுதான்: “தம்பி, சி.என்.ஜி.க்கு மாத்தினா செலவு குறையும்னு தெரியும். புகையும் குறையுமா?” அதற்கான விடையைத் தேடப்போய்த்தான் கணக்கின் முதல் பெரிய விரிசல் தெரியவந்தது.

எரிபொருளை எரிக்கும்போது வரும் உமிழ்வுக்கு நான் எடுத்துக்கொண்டவை ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் பொது மதிப்புகள். பெட்ரோலுக்குக் கிலோவுக்கு 44.3 மெகாஜூல், மெகாஜூலுக்கு 69.3 கிராம், டீசலுக்கு 43 மெகாஜூல், 74.1 கிராம்; எல்.பி.ஜி.க்கு 47.3 மெகாஜூல், 63.1 கிராம், இயற்கை எரிவாயுவுக்கு 48 மெகாஜூல், 56.1 கிராம். இவையெல்லாம் நிகர வெப்ப மதிப்பைக் கொண்டவை. அதாவது, எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து நீராகும்போது தரும் வெப்பத்தைச் சேர்க்காதவை. ஆனால் இந்தியாவில் எரிவாயு விற்பனை மொத்த வெப்ப மதிப்பில் நடக்கிறது. எரிவாயுவின் வெப்ப மதிப்பை மட்டும் வணிகக் கணக்கிலிருந்து எடுத்து, உமிழ்வுக் காரணியை ஐ.பி.சி.சி.யிலிருந்து எடுத்ததால், ஒரு கிலோ சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு) எரிந்தால் 2.99 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று விரிதாள் காட்டியது.

அது நடக்காத காரியம். சி.என்.ஜி. பெரும்பாலும் மீத்தேன். 16 கிராம் மீத்தேன் முழுவதும் எரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும், கிலோவுக்கு 2.75 கிலோவுக்கு மேல் வர அதில் கார்பனே இல்லை. இரண்டு அடிப்படைகளையும் ஒன்றாக்கியதும் எண் 2.69 கிலோவுக்கு இறங்கி உட்கார்ந்தது. இயற்கை எரிவாயுவுக்கு மொத்த மதிப்பு நிகர மதிப்பைவிட 11 விழுக்காடு அளவுக்குக் கூடுதல். பெட்ரோலுக்கு 7 விழுக்காடு அளவு. எத்தனாலுக்கு 11 விழுக்காடு அளவு. எரிபொருளுக்கு எரிபொருள் இந்த விகிதம் மாறுவதால் ஒப்பீடே கோணலாகிவிடுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு எரிபொருள் வரிக்கும் பக்கத்தில், ஒரு கிலோவில் உள்ள கார்பனை 44/12 ஆல் பெருக்கி, உமிழ்வு அதை மீறினால் கட்டம் சிவப்பாகும்படி ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வாழ்நாள் கணக்கு செய்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒரு சோதனையை வைத்துக்கொள்வது நல்லது.

ஓட்டுநரின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய ஆட்டோ கிலோமீட்டருக்கு 1.21 மெகாஜூல் உண்கிறது. அதே இயந்திரத் திறனுடன் எல்.பி.ஜி.யிலிருந்து சி.என்.ஜி.க்கு மாறினால், எரிக்கும்போது வரும் உமிழ்வு கிலோமீட்டருக்கு 77 கிராமிலிருந்து 68 கிராமாகக் குறையும். லாபம் 9 கிராம்கூட இல்லை. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன் ஒன்று இருக்கிறது. ஐ.பி.சி.சி.யின் ஆறாம் மதிப்பீட்டின்படி புதைபடிவ மீத்தேனின் வெப்பமூட்டும் திறன், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல 29.8 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் 82.5 மடங்கு. கிணற்றிலிருந்து குழாய், கம்ப்ரசர், பங்க், வண்டி வரை எல்லாம் சேர்த்து ஒரு விழுக்காடு கசிந்தால் கிலோமீட்டருக்கு 7.5 கிராம் கூடுகிறது; 20 ஆண்டுக் கணக்கில் 21 கிராம் கூடுகிறது. அதாவது கசிவு 1.13 விழுக்காட்டைத் தாண்டினால் எரிப்பில் கிடைத்த லாபம் கரைந்துவிடும். 20 ஆண்டுக் கணக்கில் பார்ப்பவருக்கு 0.4 விழுக்காட்டிலேயே கரைந்துவிடும். பங்கில் வாயுவை அழுத்தும் மின்சாரத்தை இன்னும் சேர்க்கவில்லை. “காசு குறையும் அண்ணே, புகை கசிவைப் பொறுத்தது” என்பதே நான் அவருக்குச் சொல்லக்கூடிய நேர்மையான விடையாக இருந்தது.

அடுத்தது மின்சாரம். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் தரவுத்தளத்தில், 2023-24ஆம் ஆண்டுக்கான சராசரி ஒரு யூனிட்டுக்கு 0.727 கிலோ. இந்த எண்ணை அப்படியே மின் ஸ்கூட்டரின் 32 வாட் மணியால் பெருக்குபவர்கள் உண்டு. அது போதாது. அந்த எண் மின்நிலையத்தின் வாசலில் எடுத்தது. வழியில் கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் ஆகும் இழப்பு அதில் இல்லை. நிலக்கரியை வெட்டி ரயிலில் கொண்டுவரும் செலவும் இல்லை. இழப்புக்கு 14 விழுக்காடும், நிலக்கரியின் முன்வழிக்கு, அதாவது எரிப்பதற்கு முந்தைய கட்டங்களுக்கு, 5 விழுக்காடும் என்று வைத்துக்கொண்டேன். சுவரில் யூனிட்டுக்கு 0.888 கிலோ ஆயிற்று. பிற்பாடு கரும்புத் தோட்டத்து மோட்டாருக்கும் இதே கட்டத்தையே இணைத்தேன். ஒரே ஊருக்கு இரண்டு மின்சாரக் காரணிகள் இருக்கக்கூடாது என்பது விதி.

கர்நாடகத்தில்தான் பாவகடாவின் சூரிய மின்பூங்காவும் சித்ரதுர்காவின் காற்றாலைகளும் சராவதியின் நீர்மின்நிலையமும் இருக்கின்றனவே, நாடு முழுவதற்குமான சராசரி எதற்கு என்று தங்கை வாதிட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைக்கப்பட்டதிலிருந்து தென்மண்டலமும் மற்ற மண்டலங்களும் ஒரே தொகுப்பாகத்தான் இயங்குகின்றன. நாம் எடுக்கும் யூனிட்டில் எது பாவகடா, எது ராய்ச்சூர் அனல் நிலையம் என்று பிரிக்க முடியாது. அதற்கும் மேலாக, அவள் வண்டியைச் சார்ஜில் போடுவது இரவு பத்து மணிக்கு. பகலில் போட்டால் எவ்வளவு குறையும் என்பதற்கு மணிவாரித் தரவு தேவை. அந்தத் தாள் இன்னும் காலியாகவே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் விரிதாள் உண்மையிலேயே உடைந்தது. மின்சாரத்துக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரியை வெட்டவும் இழுக்கவும் டீசலும் மின்சாரமும் வேண்டும். டீசலைச் சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும். ஒரு கட்டம் இன்னொன்றைக் கேட்க, அது திரும்ப முதல் கட்டத்தையே கேட்கும். கிரீட்டின் எக்செல் வடிவமும் இத்தகைய சுழல்களைத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் அமைப்பைக் கொண்டே தீர்க்கிறது. லிப்ரெ ஆபீஸிலும் அந்த வசதி உண்டு. அதை இயக்கியதும் பிழைச்செய்தி மறைந்து எண்கள் வந்தன. ஆனால் வீட்டுக் கணினியில் ஓர் எண், அலுவலக மடிக்கணினியில் வேறோர் எண். வித்தியாசம் சில விழுக்காடுதான் என்றாலும், எது சரி என்று சொல்லத் தெரியாத நிலையில் சில வாரங்கள் கழிந்தன.

காரணம் அமைப்புப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது. தொடர்ந்து வரும் இரண்டு சுற்றுகளுக்கு இடையேயான மாற்றம் 0.001க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடு என்பது லிப்ரெ ஆபீஸின் இயல்பான ஏற்பாடு. நான் கட்டங்களை மெகாஜூலுக்குக் கிலோ என்ற அலகில் எழுதியிருந்தேன். பெட்ரோலின் முன்வழி உமிழ்வே 0.017 கிலோ என்னும்போது, அதன் மேல் வரும் திருத்தங்கள் 0.001ஐத் தொடுவதே இல்லை. ஆகவே கணக்கு ஓரிரு சுற்றிலேயே திருப்தியடைந்து நின்றுவிடுகிறது. எந்த மதிப்பிலிருந்து தொடங்கியதோ அதைப் பொறுத்து விடையும் மாறுகிறது. அலகைக் கிராமாக மாற்றினாலே பாதித் தொல்லை போகும். முழுவதும் போக்க, சுழலையே எடுத்துவிட்டேன். டீசல், நிலக்கரி, மின்சாரம், எரிவாயு ஆகிய நான்கும் ஒன்றையொன்று எவ்வளவு உண்கின்றன என்பதை நான்குக்கு நான்கு அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதி, அலகு அணியிலிருந்து அதைக் கழித்து, நேர்மாறு எடுத்து நேரடி உமிழ்வால் பெருக்கினால் ஒரே படியில் விடை வந்துவிடுகிறது. விரிதாளிலேயே அதற்கான சார்புகள் இருக்கின்றன. சூத்திரத்தை உள்ளிடும்போது கன்ட்ரோல், ஷிப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

அதன் பிறகு எத்தனால். மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் இதற்கே போயிற்று, ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒரு டன் கரும்பை அடிப்படையாக வைத்துத் தொடங்கினேன். ஹெக்டேருக்கு 80 டன் விளைச்சல், 250 கிலோ தழைச்சத்து என்று கொண்டால் டன்னுக்கு 3.1 கிலோ தழைச்சத்து. ஐ.பி.சி.சி.யின் பொது மதிப்பின்படி இட்ட தழைச்சத்தில் ஒரு விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாக மண்ணிலிருந்து கிளம்புகிறது. அதன் வெப்பமூட்டும் திறன் 273 மடங்கு. இது மட்டும் டன்னுக்கு 13.4 கிலோ. ஆவியாகியும் நீரில் கரைந்தும் வெளியேறும் பங்கிலிருந்து இன்னும் 4.4 கிலோ.

யூரியா ஒரு பொறி. ஆலையில் எரிவாயுவிலிருந்து அம்மோனியா எடுக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி யூரியாவுக்குள்ளேயே கட்டப்பட்டு வயலுக்கு வருகிறது. ஈரம் பட்டதும் அது கிலோவுக்கு 0.73 கிலோ வீதம் வெளியேறுகிறது. ஆலைக்குள் போன எரிவாயுவின் கார்பன் முழுவதையும் உமிழ்வாக எழுதினால், கிலோ யூரியாவுக்கு ஏறத்தாழ 1.4 கிலோ. அப்படி எழுதிய பிறகு வயலில் வெளியேறும் 0.73ஐ மறுபடி சேர்க்கக்கூடாது. என் முதல் வடிவில் அது இரண்டு தாள்களிலும் இருந்தது. உர ஆலைத் தாளும் வயல் தாளும் வெவ்வேறு வழிகாட்டிகளைப் பார்த்து எழுதப்பட்டதால் கண்ணில் படவில்லை. கார்பன் சமநிலைச் சோதனைதான் இதையும் பிடித்தது. திருத்திய பின் டன் கரும்புக்கு 9.5 கிலோ.

பாசனத்தை ஏனோதானோவென்று ஓர் எண்ணாகப் போட்டுவிடலாம் என்றிருந்தேன். கணக்கிட்டபோதுதான் அதன் கனம் தெரிந்தது. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் 10,000 கனமீட்டர். அதை 30 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே தூக்குவதற்கான அடிப்படை ஆற்றலே 817 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 40 விழுக்காடு திறனில் ஓடினால் 2,044 யூனிட். முன்பு சொன்ன 0.888ஆல் பெருக்கி 80 டன்னால் வகுத்தால் டன்னுக்கு 22.7 கிலோ. உரத்தின் எந்த ஒரு வரியையும்விட இது பெரிது. கரும்பை ஆலைக்கு இழுக்கும் டிராக்டருக்கு டன்னுக்கு ஒரு லிட்டர் டீசல் என்று 3.3 கிலோ. எல்லாம் சேர்த்து 53.3 கிலோ.

ஒரு டன் கரும்பின் சாறு முழுவதையும் எத்தனாலாக்கினால் 70 லிட்டர், லிட்டருக்கு 21.1 மெகாஜூல். ஆலை இரசாயனங்களுக்கும் டேங்கர் போக்குவரத்துக்கும் மெகாஜூலுக்கு 4 கிராம் சேர்த்தால், போர்வெல் கரும்பின் எத்தனால் 40 கிராம். விசுவேசுவரய்யா கால்வாயில் நீர் தானாக வந்து பாயும் மண்டியாக் கரும்பின் எத்தனால் 25 கிராம். ஆலை, கரும்புச் சக்கையை எரித்து டன்னுக்கு 50 யூனிட்டை மின்தொகுப்புக்கு விற்கிறது என்றும், அது வேறெங்கோ நிலக்கரியை மிச்சப்படுத்துகிறது என்றும் வரவு வைத்தால் மேலும் 25 கிராம் குறைந்து, முன்னது 15, பின்னது பூச்சியம். சாற்றுக்குப் பதில் சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்தால், வயலின் பாரத்தைச் சர்க்கரைக்கும் மொலாசஸுக்கும் எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி எழுகிறது. டன்னுக்கு 100 கிலோ சர்க்கரை, 45 கிலோ மொலாசஸ், அதிலிருந்து 10 லிட்டர் எத்தனால் என்று கொண்டு எடைப்படி பங்கிட்டால் வயல் பாரம் மட்டுமே மெகாஜூலுக்கு 78 கிராம். மொலாசஸின் விலை சர்க்கரையின் கால்வாசி என்று விலைப்படி பங்கிட்டால் 26 கிராம். ஆக, ஒரே கரும்பு, ஒரே ஆலை, பூச்சியத்திலிருந்து 80க்கும் மேல்வரை எந்த எண்ணை வேண்டுமானாலும் தரும். இதில் எந்த எண்ணும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் எதைச் சேர்த்தது, எதை விட்டது, யார் தலையில் எவ்வளவு கட்டியது என்பதில்தான் வேறுபடுகிறது. புதிதாக நிலத்தைக் கரும்புக்கு மாற்றுவதால் வரும் உமிழ்வை நான் தொடவே இல்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய எத்தனால் தாளை ஸ்கூட்டருடன் இணைத்தபோது வந்த விடை, சொல்லப்போனால், எரிச்சலையே தந்தது. இ20 லிட்டரில் 20 விழுக்காடு எத்தனால் என்பது கொள்ளளவில்தான். ஆற்றலில் அது 14 விழுக்காடு மட்டுமே. ஒரு லிட்டர் இ20இல் இருக்கும் 30.5 மெகாஜூலில் 4.2 மெகாஜூல்தான் எத்தனாலுடையது. கலவையிலுள்ள பெட்ரோலுக்கு மெகாஜூலுக்கு எரிப்பில் 69.3 கிராமும் முன்வழிக்கு 17 கிராமும் வைத்து, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று கொண்டால், எத்தனால் பூச்சியம் என்றால் கிலோமீட்டருக்கு 50 கிராம். 40 என்றால் 54. எடைப் பங்கீட்டின் உச்சத்தை வைத்தால் 58, அதாவது எத்தனாலே கலக்காத பெட்ரோலின் அளவு. வயல், ஆலை, பங்கீடு என்று நான் மல்லுக்கட்டிய அத்தனையும் சேர்ந்து அசைக்கும் தூரம் 8 கிராம். அதே வண்டியை சில்க் போர்டு நெரிசலில் ஓட்டி லிட்டருக்கு 38 கிலோமீட்டர் ஆகும்போது, 54 கிராம் 64 கிராமாகிறது. நெரிசல் ஒன்றே 10 கிராம்.

மின் ஸ்கூட்டருக்கு மின்சாரம் 28 கிராம். அதன் 3 கிலோவாட் மணி மின்கலத்தைச் செய்யும் உமிழ்வையும் சேர்க்க வேண்டும். ஸ்வீடனின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான ஐ.வி.எல். 2019இல் கொடுத்த வீச்சு, கிலோவாட் மணிக்கு 61 முதல் 106 கிலோ. மின்கலம் 50,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 4 முதல் 6 கிராம். மொத்தம் 33 கிராம் வாக்கில். இரு வண்டிகளின் சட்டகமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் மற்றவற்றை இரு பக்கமும் விட்டுவிட்டேன். நெரிசலில் இதன் எண் பெரிதாக மாறுவதில்லை. சிக்னலில் நிற்கும்போது அது எதையும் எரிப்பதில்லை. ஆற்றல் பக்கம் பார்த்தால், பெட்ரோல் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு டேங்கில் 0.68 மெகாஜூலும், முன்வழிக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 0.81 மெகாஜூலும் உண்கிறது. மின் ஸ்கூட்டர் சுவரில் 0.115 மெகாஜூல், அது முழுவதும் 34 விழுக்காடு திறனுள்ள நிலக்கரி நிலையத்திலிருந்து வந்தாலும், வழியில் ஆகும் 14 விழுக்காடு இழப்பையும் சேர்த்து, 0.39 மெகாஜூல்.

செலவு என்று பார்த்தால் மின்னளவிக்கு 1,200 ரூபாய். மென்பொருள் எல்லாம் இலவசம். பெட்ரோல் எப்படியும் போட்டிருப்பேன். அப்போதைய லிட்டர் 103 ரூபாய் விலையில், டேங்கை விளிம்புவரை நிரப்பும்போது சிந்தியதுதான் கூடுதல் நட்டம்.

அடுத்த முறை தொடங்கினால் வரிசையைத் தலைகீழாக்குவேன். முதலில் எல்லாக் கட்டங்களிலும் தோராயமான எண்களை நிரப்பி, ஒவ்வொன்றையும் குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் நகர்த்தி, கிலோமீட்டர் எண் எவ்வளவு அசைகிறது என்று பார்த்துவிட்டு, அதிகம் அசைப்பதிலிருந்து ஆழமாகத் தோண்டுவேன். அப்படிச் செய்திருந்தால் யூரியாவுக்கு முன் மைலேஜைத்தான் துருவியிருப்பேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகு, வெப்ப மதிப்பின் அடிப்படை, எடுத்த ஆண்டு ஆகிய மூன்று நெடுவரிசைகளையும் முதல் நாளிலேயே போட்டுவிடுவேன். பின்னால் போடுவது இருமடங்கு வேலை. இறுதி விடையை ஒற்றை எண்ணாக எழுதும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். இப்போது தாளில் கீழ் எல்லை, மேல் எல்லை, எந்தப் பங்கீட்டு முறை என்ற மூன்றும் சேர்ந்தே அச்சாகின்றன.

இன்னும் திறந்திருப்பது ஆட்டோ வரி. முன்வழிக்கு மெகாஜூலுக்கு 10 கிராம் என்று வைத்துக் கணக்கிட்டால் கிலோமீட்டருக்கு 89 கிராம். ஆனால் நோட்டின்படி பத்துக் கிலோமீட்டரில் மூன்று சவாரியே இல்லாத வெறும் ஓட்டம். அதைச் சவாரிகளின் மேல் ஏற்றினால் 89 கிராம் 127 கிராமாகிறது. சி.என்.ஜி.க்கு மாறுவதால் கிடைக்கும் லாபத்தைவிட இந்த இடைவெளி பெரிது. ஆனால் சவாரி ஓட்டத்தையும் வெறும் ஓட்டத்தையும் அவர் பிரித்து எழுதத் தொடங்கியே சில வாரங்கள்தான் ஆகின்றன. மழைக்காலத்தில் சவாரி கூடும் என்பதால் அந்த மாதங்களின் பக்கங்களும் வந்த பிறகே அந்த வரியை நிரப்பப் போகிறேன்.